மூன்றாவதும் உரிந்தது

மாமியார் பூச்சுப் பூசிய கண்ணாடியில் டேப்பை ஒட்டி, நகத்தால் அழுத்தித் தேய்த்து, சட்டென்று இழுத்தார்.

டேப்போடு கறுப்புச் செதில்கள் வந்தன.

"இதுவும் ஃபெயில்," என்றார். மருமகளின் முகத்தைப் பார்க்கவில்லை.

புகைக்குள் சிக்கிய ஆளைத் தீயணைப்பு வீரர் தேடும் கேமராவின் ஜன்னல் அது. ஜெர்மானியம் என்ற தனிமத்தால் ஆனது. பார்வைக்குச் சாம்பல் நிறக் கண்ணாடி. வெப்பக் கதிருக்கு மட்டும் வழிவிடும். அதில் கீறல் விழாதிருக்க, வைரம்போல் இறுகும் கார்பன் பூச்சு. பூசுவது மருமகள், அவளே இரண்டு வருடம் மண்டையை உடைத்துக் கண்டுபிடித்த முறையில். சோதிப்பது மாமியார். தொழிற்கூடத்தில் இதைவிட ருசியான வம்பு கிடையாது.

"நாலு மணி வரைக்கும்தாம்மா டைம்," என்றார் மேனேஜர். "அடுத்ததும் உரிஞ்சா பழைய பூச்சுக்கே போயிடுவோம்."

ஸ்டோர்கீப்பர் சும்மா இருப்பாரா? "வீட்டுச் சண்டைய வீட்டோட முடிச்சிருக்கலாம்ல?"

"வீட்ல சண்டையே இல்லண்ணே. அதான் எனக்கும் புரியல," என்றாள் மருமகள்.

மணி பதினொன்று. உரிந்த மூன்றையும் விளக்கடியில் சாய்த்துப் பார்த்தாள். மூன்றிலும் பூச்சு வட்ட வட்டமாக உரிந்திருந்தது. அவள் துடைப்பதோ ஓரத்திலிருந்து ஓரத்துக்கு, நேராக ஒரே இழுப்பு.

வேறு யாரோ துடைத்திருக்கிறார்கள்.

"அத்தை, நான் துடைச்சு வச்ச கண்ணாடிய யாராவது தொட்டாங்களா?"

மாமியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நான்தான்."

"நீங்களா?"

"நீ சாயங்காலம் துடைச்சு வச்சதை, தினம் காலைல உனக்கு முன்னாடி வந்து இன்னொரு தரம் துடைப்பேன். ஒரு தூசி இருந்து, அதுக்காக உன்னை என் கையாலயே ஃபெயில் பண்ணணுமேன்னு பயம்டி."

"எந்தத் துணியில?"

"நல்ல மெத்து மெத்துன்னு இருக்கும். வீட்ல வாசனைத் தண்ணில அலசினது."

மருமகள் தலையில் கைவைத்தாள். துணியை மிருதுவாக்கும் அந்த வாசனைத் தண்ணீர் கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலத்தை விட்டிருக்கிறது. அதன்மேல் எந்தப் பூச்சு ஒட்டும்?

கோபம் வரவேண்டிய இடத்தில் சிரிப்பு வந்து தொலைத்தது. "அத்தை, நீங்க என்மேல வச்ச பாசம் இருக்கே, அதை டேப் போட்டு இழுத்தாலும் வராது போல."

மாமியார் சிரிக்கவில்லை. நேரே மேனேஜர் அறைக்குப் போய்த் தன் தவறை ஒப்புக்கொண்டார்.

புதுக் கண்ணாடி ஒன்றை மருமகள் துடைத்து, அந்தக் கையோடு பூச்சுப் பூசும் வெற்றிடக் கலத்துக்குள் ஏற்றினாள். பூச்சோடு அது வெளியே வந்தபோது மணி மூன்றே முக்கால்.

"ஒட்டுங்கம்மா," என்றார் மேனேஜர்.

"நான் தொடமாட்டேன் சார். பாஸானா மாமியார் விட்டுக்கொடுத்துட்டாங்கன்னு ஒரு பேச்சு வரும். நீங்களே இழுங்க."

மேனேஜர் ஒட்டினார். இழுத்தார். டேப்பை வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு துளி கறுப்பு இல்லை.

"இன்னும் மூணு தரம் இழுங்க சார்," என்றார் மாமியார், மருமகளின் தோளில் கைபோட்டபடி. "சும்மா பலமாவே இழுங்க. இவ போட்டது, வராது."