எல்லோருக்கும் காலாவதி

நிரல் எழுதுகிற எங்களுக்கு ஒரு சோம்பேறித்தனம் உண்டு. அதற்கு ஒழுங்கு என்று பெயர் வைத்திருக்கிறோம். மருந்து, வாடிக்கையாளர், ஊழியர் என்று ஒவ்வொரு மாடலிலும் (விவர அட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள்) 'பதிவான தேதி', 'திருத்திய தேதி' என்று எழுதிச் சாகாமல், பொதுவான கட்டங்களை, அதாவது ஃபீல்டுகளை, ஒரு தாய் மாடலில் போட்டுவிட்டால் மற்ற மாடல்களெல்லாம் அதிலிருந்து தானாக வாங்கிக்கொள்ளும். நல்ல ஏற்பாடுதான், என் அக்கா புருஷன் கை வைக்காதவரை.

அவர்தான் எங்கள் முதலாளி. ஒரு மருந்துக்கடைக்கு மென்பொருள் செய்தபோது 'காலாவதி தேதி'யையும் தாய் மாடலில் தூக்கிப் போட்டார். ஊழியர்களுக்கும் வந்துவிடுமே மாமா என்றேன்.

"இருந்துட்டுப் போகட்டும். சோறா கேக்குது?"

தேதி எதுவும் கொடுக்காவிட்டால் பதிவான நாளிலிருந்து ஒரு வருஷம் என்று அதுவே எடுத்துக்கொள்ளும். அந்த வருஷம் முடிந்த காலையில் கடைக்கு முதலில் வந்தவர், கல்லாவில் உட்காரும் அம்மா. கணினி அவரை உள்ளே விடவில்லை. 'காலாவதி. அப்புறப்படுத்தவும்' என்று சிவப்பில் காட்டியது.

வேலை போய்விட்டது என்றே அவர் நினைத்தார். வீட்டில் சம்பாதிப்பவர் அவர் ஒருவர்தான். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? கடைக்காரர் வந்ததும், அவருடைய கஞ்சத்தனம், அசட்டு ஜோக்குகள், அதற்குத் தான் சிரித்த பொய்ச்சிரிப்பு என்று ஒன்று விடாமல் அவர் முகத்துக்கு நேரே கொட்டிவிட்டார். வரிசையில் நின்றவர்கள் மாத்திரையை மறந்து கேட்டார்களாம்.

நான் போனபோது அம்மா வாசற்படியில் பையோடு உட்கார்ந்திருந்தார். கோளாறு எங்களுடையது, உங்களை யாரும் நீக்கவில்லை என்றதும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ, எல்லாத்தையும் சொல்லிட்டேனே."

பாவமாக இருந்தது. மாமாவைக் கடித்துத் துப்பலாம் போல் வந்தது.

கடைக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மற்றவர்களைச் சரிசெய்தால் போதுமாம். "அந்தம்மாவை மட்டும் அப்படியே விட்டுடுங்க. கம்ப்யூட்டரே சொல்லிடுச்சுல்ல."

நான் கடைக்காரருடைய பதிவையே திறந்து காட்டினேன். எல்லாம் ஒரே நாளில் ஏற்றியவை. அவரும் காலாவதி.

"இது பொது ஃபீல்டு சார். எடுத்தா எல்லாருக்கும் எடுக்கணும், விட்டா எல்லாருக்கும் விடணும். அந்தம்மா வெளியன்னா நீங்களும் வெளியதான்."

பச்சைப் பொய். ஒருவரை மட்டும் அப்படியே நிறுத்துவது நொடி வேலை. ஆனால் கண் இமைக்காமல் புளுக எனக்கு நன்றாக வரும். மாமாவிடம் வேலை பார்த்ததில் உருப்படியாகக் கற்றது அது ஒன்றுதான்.

அவர் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். சரி, எடுத்துத் தொலையுங்கள் என்றார். அந்த ஃபீல்டைத் தாய் மாடலிலிருந்து பிடுங்கி, மருந்துக்கு மட்டும் போட்டேன்.

அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு கல்லாவுக்குப் போனார். வழி குறுகல். கடைக்காரர்தான் ஒதுங்கி நின்றார்.