முழங்கால் கேலரி

அந்தப் புகைப்படக் கேலரிக்குள் புதிதாக நுழைகிற யாரும் ஒரு கேள்வி கேட்காமல் இருந்ததில்லை. "ஏங்க, படமெல்லாம் ஏன் இவ்வளவு கீழே மாட்டியிருக்கு?" கேலரிக்காரி விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க மாட்டாள். பெஞ்சைக் காட்டி, "உட்காருங்க" என்பாள். உட்கார்ந்து பார்த்தவர்கள் மறுபடி வாய் திறப்பதில்லை.

அன்றைக்கு வந்த பேர்பெற்ற புகைப்படக்காரர் ஒருவர் மட்டும் உட்காரவில்லை. மறுநாள் மாலை அவருடைய கண்காட்சித் திறப்பு. படங்கள் வண்டியிலிருந்து இறங்கி, சுவரோரமாகச் சாய்ந்து நின்றன. அவர் கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு, சுவரில் அடித்திருந்த ஆணிகளை வேண்டாத விருந்தாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"இது என்ன, குழந்தைங்க பள்ளிக்கூடமா? எல்லாத்தையும் மேலே ஏத்துங்க. இந்த பெஞ்சையும் அப்புறப்படுத்துங்க. என் படத்தை நின்னுதான் பாக்கணும்."

"நிக்க முடியாதவங்க?" என்று கேட்டாள் கேலரிக்காரி.

"அவங்களுக்கு வீட்ல டிவி இருக்கு."

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பொறுத்துக்கொண்டாள். பொறுத்துக்கொள்ளக் காரணம் இருந்தது. அவருடைய கடல் படம் ஒன்று உண்டு. ஈரப் பாறைகள், அவற்றுக்கப்பால் ஆள் அரவமே இல்லாத நீர், தலைப்பு 'தனிமை'. அது ஒரு தடவையாவது தன் சுவரில் தொங்கவேண்டும் என்று அவள் ஏங்கிய ஏக்கம் கொஞ்சநஞ்சமல்ல. வருஷக்கணக்காகக் கேட்டுக் கேட்டு, இப்போதுதான் மனிதர் மனமிரங்கியிருந்தார்.

ஆனால் அந்தக் கீழ்வரிசை அவள் சும்மா வைத்ததல்ல.

அந்தக் கூடம் ஒரு காலத்தில் பெயின்ட் கிடங்கு. அவளும் அவள் தம்பியும் அதைப் பிடித்து, சுண்ணாம்படித்து, கேலரி ஆக்கினார்கள். தம்பி படத்துக்குச் சட்டம் போடுகிறவன். அவளுக்குப் படம் என்றால் உயிர். கலை ரசிகர்கள் கூட்டம் கூட்டமாக வருவார்கள் என்று வாசலையே பார்த்துக் கண் பூத்துப்போனதுதான் மிச்சம். ரோட்டுக்கு எதிர்ப்புறம் பெரிய ஆஸ்பத்திரி. ஒருநாள் மழை பிடித்துக்கொள்ள, அங்கே காத்திருந்தவர்களில் கொஞ்சம் பேர் இங்கே ஒதுங்கினார்கள். சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்து, எதிர்ச்சுவரையே வெறித்துக்கொண்டிருந்தார்கள்.

அவளுக்கு ஒரே பூரிப்பு. அதில் ஒருவரிடம் போய், "எந்தப் படம் பிடிச்சிருக்கு?" என்று கேட்டாள். மனைவியை ஆபரேஷனுக்கு அனுப்பிவிட்டு வந்திருந்தவர் அவர்.

"படமாம்மா? இங்கேருந்து பாத்தா கண்ணாடியில உங்க டியூப்லைட்டுதான் தெரியுது," என்றார் அவர், பாவம், மனது நோகக்கூடாதே என்ற குரலில்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். உண்மைதான். நல்ல நல்ல படமெல்லாம் வெறும் டியூப்லைட்டாக மின்னிக்கொண்டிருந்தது. மறுநாளே தம்பியும் அவளும் எல்லா ஆணியையும் பிடுங்கி, உட்கார்ந்தவர் கண்மட்டத்துக்குச் சாக்பீஸ் தடவிய நூல் பிடித்துப் புதுக் கோடு போட்டார்கள். முதுகு சாய்க்கிற பெஞ்சுகளைத் தம்பியே செய்தான். பழைய ஆணித் துளைகளை அவன் மக்குப் பசை வைத்து அடைத்தாலும், வெயில் பக்கவாட்டில் விழும்போது அவை இன்றைக்கும் தெரியும்.

அப்புறம் அது வழக்கமாகிவிட்டது. வார்டில் காத்திருக்க இடமில்லாதவர்களை ஆஸ்பத்திரி வாட்ச்மேனே, "எதிர்ல போய்ப் படம் பாருங்க, கூப்பிடுவாங்க" என்று அனுப்பிவைப்பார். நர்சம்மா கேலரிக்கு போன் செய்வார். அவள் ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டே, "பித்தப்பை வீட்டுக்காரங்க! முழிச்சிட்டாராம், போங்க!" என்று கூவுவாள். பித்தப்பைக் குடும்பம் எழுந்து ஓடும். அவர்களில் பலர் நல்லபடியாக வீடு திரும்பிய பிறகு, ஒரு நோயும் இல்லாமல், படம் பார்க்கவென்றே பிள்ளைகுட்டியோடு மறுபடி வந்தார்கள். நல்லபடியாகத் திரும்பாத வீட்டுக்காரர்களும் வந்தார்கள். கடைசியாகக் காத்திருந்த நேரத்தில் பார்த்த படத்தின் முன்னால் கொஞ்சநேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார்கள்.

கலை உலகத்துக்காரர்கள் இதைக் கேலி செய்து 'முழங்கால் கேலரி' என்று பெயர் வைத்தார்கள். அவள் பெயின்டரைக் கூப்பிட்டு அந்தப் பெயரையே போர்டில் எழுதச் சொல்லிவிட்டாள். கேலி செய்தவர்களுக்கு வாயடைத்துப் போனது.

அப்படிப்பட்டவளிடம் வந்து வரிசையை மாற்றச் சொன்னால்?

"சார்," என்றாள், "கோடு மாறாது. பெஞ்சும் நகராது. உங்களுக்கு இஷ்டமில்லேன்னா படங்களை எடுத்துட்டுப் போகலாம். வண்டி இன்னும் வாசல்லதான் நிக்குது."

தம்பியின் கையிலிருந்த அளவு டேப் சர்ரென்று உள்ளே சுருண்டது. அவன் அவளை ஓரமாக இழுத்துக்கொண்டு போனான்.

"அக்கா, உனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கா? ஊர் பூரா அழைப்பு போயிருக்கு. நாளைக்கு வர்றவங்களுக்கு வெறும் ஆணியையா காட்டுவே?"

"நல்ல ஆணிதானே. நீ அடிச்சதுதானே."

சொல்லிவிட்டுத் திரும்பினாள். அந்தக் கடல் படம் அவள் முழங்காலுக்கு நேரே சுவரில் சாய்ந்திருந்தது. இவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டுத் திரும்பிப் போகப்போகிறதே என்று மனம் அடித்துக்கொண்டது. ஆனாலும் டியூப்லைட் பார்த்துக்கொண்டிருந்த அந்த மனிதரின் முகம் நினைவுக்கு வந்தது. சரி, போகட்டும் என்று தீர்மானித்துவிட்டாள்.

"டிரைவர்!" என்று குரல் கொடுத்தார் புகைப்படக்காரர். "எல்லாத்தையும் மறுபடி ஏத்துப்பா."

படம் மாட்டுகிற நாளிலும் கேலரிக் கதவைச் சாத்துகிற பழக்கமில்லை. அதனால் பெஞ்சில் அப்போதும் ஓர் அம்மாள் இருந்தார். புருஷனுக்குக் கண் ஆபரேஷன். காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறார். அவர் பக்கத்தில் புகைப்படக்காரரின் மனைவி, வந்ததிலிருந்து முழங்காலைத் தேய்த்துவிட்டபடி இருந்தார். எதிரே தரையில் கடல் படம். செய்ய வேறு வேலையில்லாததால் கண் ஆபரேஷன் வீட்டு அம்மாள் அதை அங்குலம் அங்குலமாகப் பார்த்துத் தீர்த்திருந்தார்.

"ஏம்மா," என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டார், "அடியில அந்தப் பாறை மேல ரெண்டு நிழல் விழுதே, யாரு அது? ஒருத்தர் குடை பிடிச்சிருக்காங்க பாருங்க."

மனைவி மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். பாறைகளின் கருப்புக்குள் இன்னும் கொஞ்சம் கருப்பாக, கேமரா முக்காலியும் அதன் பின்னால் ஒரு மனிதனும். அந்த மனிதன் தலைக்கு மேல் ஒரு குடை. குடையைப் பிடித்திருந்த கை வேறு ஒருவருடையது.

"என்னங்க," என்றார் மனைவி. "கொஞ்சம் இங்க வாங்க."

"வேலையா இருக்கேன்."

"வாங்கன்னா வாங்க."

அந்தக் குரலை அவர் அடிக்கடி கேட்டிருக்கமாட்டார். வந்தார்.

"இது என் குடைதானே? கம்பி ஒண்ணு வளைஞ்சிருக்கு பாருங்க. வெயிலும் தூறலுமா இருந்துச்சு. லென்ஸ் நனையக்கூடாதுன்னு என்னைப் பிடிக்கச் சொன்னீங்க. கை மரத்துப்போச்சுங்கன்னு சொன்னதுக்கு, 'பேசாதே, படம் ஆடும்'னீங்க."

டிரைவர் ஒரு படத்தைப் பாதி தூக்கியபடி நின்றுவிட்டான்.

"எத்தனை திறப்பு விழாவுக்கு வந்திருப்பேன்," என்றார் மனைவி. "கும்பலுக்குப் பின்னாடி நின்னு, எட்டிப் பாத்து, நல்லாருக்குன்னு சொல்லிட்டு வந்துடுவேன். அடியில நானே நிக்கிறது இன்னிக்குத்தான் தெரியுது. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"அடியில கொஞ்சம் வெட்டிட்டா படம் இன்னும் சுத்தமாயிடும்னு எல்லாரும் சொன்னாங்க. நான் வெட்டல."

மனைவியின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. உடனே புருவம் ஏறியது. "அப்போ 'தனிமை'ன்னு எதுக்குப் பேர் வெச்சீங்க?"

பேட்டி பேட்டியாக, அந்தக் கரையில் தன்னந்தனியாக நின்றதைப் பற்றிப் பேசியே பேர் வாங்கிய மனிதர். என்னத்தைச் சொல்வார்? கேலரிக்காரிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

போன் அடித்தது. அவள் எடுத்துக் கேட்டுவிட்டு, "கண் ஆபரேஷன் வீட்டுக்காரங்க! முடிஞ்சிடுச்சாம், நல்லா இருக்காராம்!" என்று கூவினாள். அந்த அம்மாள் பையை அள்ளிக்கொண்டு ஓடினார்.

பெஞ்சில் ஓர் இடம் காலியானது. புகைப்படக்காரர் அதைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், அப்புறம் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் வெகுநேரம் எழவில்லை. தன் படத்தை அவரே முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் இருந்தது.

கடைசியில் தம்பியைக் கூப்பிட்டார். "உங்க கோடு எதுப்பா?"

தம்பி பயந்துகொண்டே சாக்பீஸ் கோட்டைத் தொட்டுக் காட்டினான்.

"இந்தப் படம் மட்டும் இன்னும் ரெண்டு விரல் கீழே வரட்டும். இவ குள்ளம்."

"நான் ஒண்ணும் குள்ளமில்ல," என்றார் மனைவி. "மாட்டுங்க தம்பி. தலைப்பு அட்டையை மட்டும் என்கிட்ட குடுங்க."

மறுநாள் மாலை கூடம் நிரம்பி வழிந்தது. பெஞ்சுகளில் வழக்கம்போல ஆஸ்பத்திரிக்காரர்கள். நேற்றைய அம்மாள், ஒரு கண்ணில் கட்டுப் போட்ட புருஷனைக் கைப்பிடித்து அழைத்து வந்து முன்னால் உட்காரவைத்திருந்தார். பெரிய பெரிய மனிதர்களெல்லாம் பின்னால் நின்றார்கள். முழங்கால் கேலரி என்று முதன்முதலில் எழுதிய விமர்சகரும் வந்திருந்தார். குனிந்து குனிந்து பார்த்து இடுப்பு வலித்ததோ என்னவோ, புகைப்படக்காரரிடம் போய், "ஏன் சார், உங்க படத்தையுமா இவ்வளவு கீழே மாட்டியிருக்காங்க? நீங்க எதுவும் சொல்லலையா?" என்று கேட்டார்.

"உட்காருங்க," என்றார் புகைப்படக்காரர்.

பெஞ்சில் இடமில்லை. யாரும் எழுந்துகொள்ளவும் இல்லை. கேலரிக்காரி கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருக்க, விமர்சகர் நல்ல பேன்ட்டோடு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். கடலைப் பார்த்தார். கண்ணாடியில் ஒரு விளக்கும் மின்னவில்லை. மெல்ல மெல்ல அவர் பார்வை அடியிலிருந்த பாறைகளுக்கு இறங்கியது. தலைப்பு அட்டையைத் தேடினார். அது இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை.

"இங்க யாரோ குடை பிடிச்சிட்டு நிக்கிறாங்களே," என்றார். "யார் அது?"

"நான்தான்," என்றார் பக்கத்து பெஞ்சிலிருந்த மனைவி.