இரண்டு பேஸில் ஓடிய பட்டறை

நடுத்தங்கை பையைத் தூக்கிக்கொண்டு போன மதியத்திலிருந்து அடுத்த மழைக்காலம் வரை, மோட்டார்களுக்குக் காயில் கட்டும் பட்டறையின் மற்ற இரண்டு சகோதரிகளும் உட்காரவும் இல்லை, படுக்கவும் இல்லை. நின்றபடி சாப்பிட்டார்கள், நடந்தபடி தலை வாரிக்கொண்டார்கள். முதல் வாரம் தெரு அதைப் பற்றிக் கொஞ்சம் பேசியது. அடுத்த வாரம் குழாயில் தண்ணீர் வரும் நேரம் மாறியதால் பேச்சும் அந்தப் பக்கம் போய்விட்டது.

எரிந்துபோன மோட்டார்களுக்குப் புதுச் செம்புக்கம்பி சுற்றிக் கொடுப்பது அவர்கள் தொழில். நடுத்தங்கை கம்பியைச் சுற்றுவாள். சின்னவள் அதை மோட்டாரின் பள்ளங்களில் இறக்கி, வார்னிஷ் ஊற்றி, சூட்டுப்பெட்டியில் காயவைப்பாள். பெரியவள் வேலை வேறு. மோட்டாருக்கு முன்னால் காவல் நிற்கிற ஸ்டார்ட்டர், பிரேக்கர், ஓவர்லோடு ரிலே எல்லாவற்றையும் பழுதுபார்த்து, எவ்வளவு கரண்ட் தாண்டினால் அறுத்துவிட வேண்டும் என்று திருகாணியைத் திருப்பி வைத்துக் கொடுப்பவள் அவள். நடுத்தங்கை முன்னால் வந்து நின்று, "வேற ஊர்ல வேலை கிடைச்சிருக்குக்கா. ஒரு தடவையாவது தனியா இருந்து பாக்கணும்னு தோணுது" என்று சொன்னபோதும் பெரியவள் கையில் ஒரு ரிலேதான் இருந்தது. தலையைத் தூக்காமல், "போறவளப் பிடிச்சு வச்சு நான் என்ன பண்ணப்போறேன்" என்றாள். நடுத்தங்கை பாதி சுற்றியிருந்த கம்பியின் நுனி தரையைத் தொடுவதற்குள் சின்னவள் பாய்ந்து பிடித்துக்கொண்டாள். வேலை ஒரு நொடிகூட நிற்கவில்லை. கோளாறு அங்கேதான் தொடங்கியது.

ஒரு மாதத்துக்குள் இருவர் உடம்பிலிருந்தும் சன்னமான உறுமல் கேட்டது. தேன்கூட்டுக்குப் பக்கத்தில் நிற்பதுபோல இருக்கிறது என்றாள் எதிர்வீட்டுத் தையல்காரி. பிறகு சூடு வந்தது. துணி காயாத நாட்களில் அக்கம்பக்கத்துப் பெண்கள் கொடியைப் பட்டறை வாசல்வரை இழுத்துக் கட்டினார்கள். தையல்காரி தன் கைக்குழந்தையின் பால்புட்டியைச் சின்னவள் இடுப்பில் செருகிவிட்டுப் போய், ஒரு சட்டை வெட்டி முடித்ததும் வந்து எடுத்துக்கொண்டாள். சின்னவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கை கம்பியிலேயே இருந்தது.

என்ன நடக்கிறது என்று பெரியவளுக்குத் தெரியும். மூன்று பேஸ் மின்சாரத்தில் ஓடுகிற மோட்டாருக்கு அதில் ஒன்று போய்விட்டால் அது உடனே நிற்காது. மிச்சமிருக்கும் இரண்டும் மூன்றாவதன் பாரத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு, உறுமிக்கொண்டு, எரிகிறவரைக்கும் ஓடும். நடுவில் ரிலே அறுத்து நிறுத்தினால் பிழைக்கும். ஆனால் நின்ற மோட்டார், போன பேஸ் திரும்பி வராதவரை, தானாகப் புறப்படாது. பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் நின்ற இடத்திலேயே முனகிக்கொண்டிருக்கும். சின்னவளுக்கும் இது தெரியும். இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. பேசாமல் ஓடினார்கள்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு நாளில் சலவைக்கடைக்காரர் கருகிய மோட்டார் ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். கூடவே வந்த ஸ்டார்ட்டரைத் திறந்து பார்த்த பெரியவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரிலே இருந்த இடத்தில் ஒரு துண்டுக் கம்பியை முறுக்கி வைத்திருந்தார்.

"ரிலே எங்கே?"

"அது சும்மா சும்மா ட்ரிப் ஆகி நின்னுடுதுக்கா. வேலையே நடக்கல."

"சும்மா ஒண்ணும் ஆகல. அது கத்தியிருக்கு. வாயைக் கட்டிட்டு, இப்ப கரிக்கட்டையைத் தூக்கிட்டு வந்து நிக்கிறீங்க."

"அப்படி நாலு பேர் செஞ்சாத்தானே உங்க பொழப்பு ஓடும்" என்று சிரித்தவர், ஒரு அடி பின்னால் நகர்ந்துகொண்டார். "ஏன்க்கா, என்ன இந்தக் கொதி கொதிக்கிறீங்க?"

"வெயில்."

"வெளியில மழை பெய்யுது" என்றார் அவர், குடையை உதறிக் காட்டி.

அவர் போன பிறகு அந்தத் துண்டுக் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டே நடந்தாள் பெரியவள். நிற்க முடியாதே. மோட்டார் சூட்டை அளக்கப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. உள்ளங்கையை அதன் மேல் வைத்துப் பத்து எண்ணுவார்கள். பத்துவரை கை தாங்கினால் பயமில்லை. தங்கையின் பிடரியில் அவள் ரகசியமாக அப்படித்தான் கை வைத்துவந்தாள். ஆரம்பத்தில் பத்து எண்ண முடிந்தது. கோடையில் ஏழு. ஏழு மோசமில்லை என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். பிறகு ஐந்தானபோது, ஐந்தும் ஒரு எண்தானே என்று தோன்றியது. இப்போது மூன்று. ஒவ்வொரு முறையும் யாரோ சொல்லிக்கொடுத்ததுபோல மனம் ஒரு சமாதானத்தைத் தயாராக வைத்திருந்தது. தங்கைக்குக் காவல் நிற்பதாக இத்தனை நாள் நினைத்துக்கொண்டு, தானே திருகாணியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி வைத்துக்கொண்டு வந்திருப்பது அவளுக்கு அன்று உறைத்தது. உறைத்த பிறகும் ஒரு வாரம் ஓடினாள். பயம் அப்படிப்பட்டது.

அந்த வாரத்தின் கடைசியில், பட்டப்பகலில், வார்னிஷ் கருகும் வாடை வந்தது. சூட்டுப்பெட்டியைத் திறந்து பார்த்தாள். அது அணைந்து கிடந்தது. வாடை சின்னவளின் தலைமுடியிலிருந்து வந்தது. பிடரியில் கை வைத்தாள். ஒன்று என்று சொல்லி முடிக்க முடியவில்லை.

"கையை எடுக்கா. எனக்கு ஒண்ணுமில்ல."

"போதும்டி. நில்லு."

"இந்த ஒரு காயில முடிச்சிடறேன்."

"கம்பியைக் கீழ வை."

சின்னவள் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். கண் இரண்டும் சிவந்து, உதடு வெடித்திருந்தது. "நின்னா நான் எழுந்திருக்க மாட்டேன். உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா சொல்ற?"

பெரியவள் கம்பியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, தங்கையை இரண்டு கையாலும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். முன்கைகள் கொப்பளித்தன. சின்னவள் திமிறினாள், உதைத்தாள், "விடுடி, பாவி" என்று முதன்முறையாக அக்காவை டி போட்டாள். பெரியவள் விடவில்லை. உறுமல் ஏறி, உச்சத்துக்குப் போய், டப்பென்று அறுந்தது. கட்டிப்பிடித்த வாக்கில் இருவரும் தரையில் சரிந்து உட்கார்ந்தார்கள். ஒருத்தியைப் பிடித்து நிறுத்துகிறவள் தான் மட்டும் ஓடிக்கொண்டிருக்க முடியாது என்பது பெரியவளுக்கு அதற்குமுன் தோன்றியிருக்கவில்லை.

பட்டறை அமைதியானது. நின்ற பிறகுதான் நடுத்தங்கை இல்லாதது பெரியவளுக்குக் கேட்டது. இத்தனை நாளும் உறுமலுக்கு அடியில் கிடந்த அந்தச் சத்தத்தில் வாசல் செருப்பு உரசியது, பையின் ஜிப் மூடியது, அக்கா தலையைத் தூக்குவாளா என்று யாரோ ஒரு கணம் காத்திருந்து, பிறகு மூச்சு விட்டது. அவளுக்கு அழுகை வந்தது. உடம்பின் சூட்டில் முதல் நாள் கண்ணீர் கன்னத்திலேயே ஆவியாகிவிட்டது. மறுநாள்தான் தாடைவரை இறங்கியது.

பயந்தபடியே ஆயிற்று. சூடு ஆறி, கொப்புளம் அடங்கி, சின்னவளின் முடியிலிருந்து வாடையும் போய்விட்டது. ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. எழு என்று பெரியவள் தனக்குள் சொல்லும்போதெல்லாம் உடம்பு முனகியது, அவ்வளவுதான். பக்கத்தில் சின்னவளும் முனகினாள். தையல்காரி வந்து இருவருக்கும் கஞ்சியைக் கரண்டியால் புகட்டினாள். வாடிக்கையாளர்கள் எட்டிப் பார்த்துவிட்டு மோட்டாரை வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். கேட்கிறது, பார்க்க முடிகிறது, இமைகூட அசைகிறது. தங்கையைக் கொன்றுவிட்டோமா காப்பாற்றினோமா என்பது மட்டும் தெரியவில்லை. அந்த ஒன்றைத் திருப்பித் திருப்பி நினைத்தபடி பெரியவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பழுதுபார்க்கக் கொடுத்திருந்த தன் ஸ்டார்ட்டரைக் கேட்டு மாவு மில்லுக்காரம்மா வந்தது அப்போதுதான். தலையெல்லாம் மாவு, வாயெல்லாம் கோபம்.

"நாலு நாளா மில்லு நிக்குது, இங்க ரெண்டு பேரும் சாமி சிலை மாதிரி உக்காந்திருக்கீங்க! கடையத் திறந்து வச்சிட்டுத் தவமா பண்றீங்க?"

பெரியவள் பதில் சொல்ல முயன்றாள். முனகல் வந்தது. மில்லுக்காரம்மா காதைச் சாய்த்துக் கேட்டாள்.

"அட, என் மில்லு இப்படித்தானே முனகும்."

ஒரு பேஸ் போன நாட்களில் பெல்ட்டைக் கையால் இழுத்துச் சுழற்றி மில்லை ஓட்டுகிறவள் அவள். கை போய்விடும் என்று பெரியவள் அவளைத் திட்டாத நாளில்லை. மில்லுக்காரம்மா யோசிக்கவே இல்லை. பக்கத்தில் இருந்த சின்னவளை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தி, தோளைப் பிடித்து வேகமாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டாள். சின்னவள் தள்ளாடினாள், முனகினாள், இரண்டாவது சுற்றைத் தானாகவே சுற்றினாள். பிறகு நின்று, "பசிக்குது" என்றாள். அதைக் கேட்டபோது பெரியவளுக்குள் ஏதோ ஒன்று இறுக்கம் விட்டு இறங்கியது. சின்னவள் வந்து அக்காவின் தோளைப் பிடித்தாள். அந்தக் கையில் சாதாரணச் சூடுதான் இருந்தது.

இப்போது பட்டறையில் பாதி வேலைதான் எடுக்கிறார்கள். சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் இருவரும் நின்றுவிடுகிறார்கள். காலையில் முதலில் வருகிறவர் யாரோ, அவர் ஒருத்தியைச் சுற்றிவிட்டால் போதும், அவள் மற்றவளைப் பார்த்துக்கொள்வாள். விடுமுறை நாளில் யாரும் வராவிட்டால் மறுநாள்வரை அப்படியே கிடக்கிறார்கள். பெரியவளுக்கு அது பிடித்துக்கூடப் போய்விட்டது. வெளியூரிலிருந்து புதிதாக வருகிறவர்களை முனைக் கடையிலேயே நிறுத்தி, "வலப்பக்கமா சுத்துங்க, மறந்துடாதீங்க" என்று சொல்லி அனுப்புகிறார்கள். எந்தப் பக்கம் தள்ளுகிறோமோ அந்தப் பக்கம் ஓடுவது இப்படிப்பட்ட மோட்டார்களின் குணம். ஒருமுறை அவசரத்தில் வந்த ஒருவர் இடப்பக்கம் சுற்றிவிட்டதில், சின்னவள் பொழுது சாயும்வரை பின்பக்கமாகவே நடந்து, முந்தின வாரம் சுற்றியதையெல்லாம் ஒழுங்காக அவிழ்த்து வைத்துவிட்டாள். அவர் கையைப் பிசைந்துகொண்டு மன்னிப்புக் கேட்டார். "பரவால்ல, பழகிடும்" என்று சொல்லி, பெரியவள் அவர் மோட்டாரை வாங்கி வரிசையில் வைத்தாள். மறுநாள் அவரே எல்லாருக்கும் முன்னால் வந்து, சரியான பக்கம் சுற்றிவிட்டுப் போனார்.