முதல் வரியில் என் பெயர்

பொன்னுச்சாமி சார் திருடிய சர்க்யூட்டுகளை வரிசையாக அடுக்கினால், மண்டபத்திலிருந்து தலைமன்னாருக்குப் பாலமே போட்டுவிடலாம். அதில் பாதி என்னுடையவை. ராமநாதபுரத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் அவர் எலக்ட்ரானிக்ஸ் துறைத் தலைவர். உமையாளாகிய நான் அவருக்குக் கீழே விரிவுரையாளர்.

1996 கண்காட்சியில் நான் செய்த படகு சைரனுக்கு அவர் பரிசு வாங்கினார். "மேடமும் அப்பப்ப டீ வாங்கிக் குடுத்து ஒத்தாசையா இருந்தாங்க" என்று மேடையில் சொன்னார். அந்த டீ ஒரு வருடம் என் நெஞ்சில் கொதித்தது.

மறுவருடம் ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய்க்கு ஓர் எச்சரிக்கைக் கருவி யோசித்தேன். தண்ணீர் கரையின் உச்சியைத் தொடப்போனால் மணி அடிக்கும். அப்போதிருந்த எங்கள் கம்ப்யூட்டருக்கு சர்க்யூட் படம் புரியாது. எந்த உறுப்பின் எந்தக் கால் எதோடு சேர்கிறது என்று, வரிக்கு ஓர் உறுப்பாக, மளிகைச் சீட்டு மாதிரி வெறும் எழுத்தில் எழுதித் தர வேண்டும். அதைப் படித்து சர்க்யூட்டைத் திரையில் ஒரு கோடாக ஓட்டிக் காட்டும். ஒரே ஒரு கிறுக்குத்தனம்: முதல் வரியில் எது இருந்தாலும் அதைத் தலைப்பு என்று நினைத்துத் தாண்டிப் போய்விடும். சொந்தமாக ஒரு சீட்டுகூட எழுதாத சாருக்கு இது தெரியாது.

சாருக்கும் ஒரு கிறுக்குத்தனம் உண்டு. சீட்டு இருக்கும் என் பிளாப்பியை எடுத்து ஓட்டிப் பார்ப்பார். ஓடினால், என் பெயருள்ள வரியை மட்டும் அழிப்பார். அழித்தபின் ஓட்டிப் பார்க்க மாட்டார். திருடனுக்கு ஏது அவ்வளவு பொறுமை?

வழக்கமாக என் பெயரைக் கடைசியில் எழுதுவேன். இந்த முறை முதல் வரியில் வைத்தேன். அடுத்த வரியில் பேட்டரி. வெயிலில் கருவாடு வைப்பதுபோல் பிளாப்பியை மேசைமேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். பூனை வந்தது.

கண்காட்சிக்கு நடுவராக மதுரையிலிருந்து ஒரு கட்டடப் பொறியாளர் வந்தார். ஆர்.எஸ்.மங்கலத்து விவசாயிகளும் வந்திருந்தார்கள். சார் திரையைக் காட்டினார். "இப்பத் தண்ணி ஏறுது. இந்தக் கோடு எந்திரிக்கும், பாருங்க."

எழவில்லை. மறுபடி தட்டினார். விருந்து சாப்பிட்ட மாமனார் போலக் கோடு தரையோடு படுத்துக் கிடந்தது.

கண்மாய்க் கரையோரம் வயல் வைத்திருந்த பால்சாமி எட்டிப் பார்த்தார். "என்னங்க சார், தண்ணி எங்க கழுத்துக்கு வந்துருச்சு. ஒங்க கோடு இன்னும் ஒறங்குது?"

சாருக்கு வியர்த்த வியர்வையில் கண்மாய் நிஜமாகவே நிரம்பி மறுகால் பாய்ந்திருக்கும். "மேடம், கொஞ்சம் இங்கன வாங்க" என்றார்.

ஆடி அசைந்து போனேன். என் பெயர் போனதால் பேட்டரி முதல் வரிக்கு வந்து, தலைப்பென்று தள்ளப்பட்டுக் கிடந்தது. அதற்கு மேலே என் பெயரை அடித்து ஓட்டினேன். கோடு துள்ளி எழுந்தது.

நடுவர் கண்ணாடியைக் கழற்றினார். "அது என்ன வரிம்மா?"

"என் பேரு சார். அது இல்லாட்டி ஓடாது. வேணும்னா சாரையே அழிச்சுப் பாக்கச் சொல்லுங்க."

சார் அழித்தார். கோடு விழுந்தது.

"திரும்பப் போடுங்க" என்றார் நடுவர்.

ஊரே பார்க்க, பொன்னுச்சாமி சார் ஒற்றை விரலால் என் பெயரைத் தேடித் தேடி அடித்தார்.

"ஒரு எழுத்து விட்டுப்போச்சு, சார்" என்றேன். அதையும் சேர்த்தார். கோடு எழுந்தது. பரிசுக் கோப்பை என் கைக்கு வந்தது.

அந்த இடத்தில் 'கருவாடு' என்று அடித்திருந்தாலும் ஓடியிருக்கும். அதை நான் அவரிடம் சொல்லவே இல்லை.