ஓடுகிறவளுக்கு மட்டும்

கோவிட் காய்ச்சல் விட்டாலும், இதயத்தைப் பரிசோதித்த பிறகுதான் ஓடலாம் என்று என் மகள் தாமரையின் கோச் சொல்லிவிட்டார். ஃபேக்டரியில் லீவு போட்டுவிட்டு அவளோடு கிளினிக்கில் காலையெல்லாம் உட்கார்ந்திருந்தேன். ஈசிஜி, ஸ்கேன் எல்லாம் நார்மல். ஓடும்போது மூச்சு வாங்கினால் உடனே நிறுத்தச் சொன்னார் டாக்டர்.

செந்தூலில் எங்கள் ஃபிளாட்டுக்குத் திரும்பினால், லிப்ட் மறுபடியும் பழுதாகி ரோசாக். படியேறினோம். மூன்றாவது மாடியில் நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். முன்னால் போன தாமரை இறங்கி வந்தாள்.

"எப்பலேருந்து இப்படி மூச்சு வாங்குது?"

"வயசாச்சு லா. நீ போ."

"ஒனக்கும் என்கூடத்தானே காய்ச்சல் வந்துச்சு. விட்ட மறுநாளே வேலைக்குப் போயிட்ட. நீயும் செக் பண்ணும்மா."

"நான் என்ன ஓடவா போறேன்?" என்று எரிந்து விழுந்தேன்.

என் பையை வாங்கிக்கொண்டாள்.

"தெனம் காலையில ஃபேக்டரி பஸ்ஸுக்கு ஓடுறது யாரு?"