வால் வைத்த கத்தி

கத்தியைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது. கொடுத்தால் கொடுத்தவனுக்கும் வாங்கியவனுக்கும் சண்டை வரும். கீழே வைக்க வேண்டும், அடுத்தவன் எடுத்துக்கொள்ள வேண்டும். உப்புக்கும் மிளகாய்க்கும்கூட இதே சட்டம்தான். ஊரறிந்த சங்கதி. ஆனால் சென்னை பாடியில் இருந்த அந்தத் தொழிற்சாலையின் கரண்ட் பிரிவில் கலியமூர்த்தி அளவுக்கு இதைக் கட்டிக்கொண்டு அழுதவன் எவனும் கிடையாது. யாராவது கத்தி கேட்டால் மடித்தபடியே தரையில் வைப்பான்.

"நீயே எட்த்து தொறந்துக்கோப்பா. உன்கூட சண்ட போட எனுக்கு நேரமில்ல" என்பான்.

எண்பத்தெட்டாம் வருஷம் ஆடி மாதம் வரைக்கும் அது வெறும் நம்பிக்கை. அதற்குப் பிறகு அதன் பின்னால்தான் அவன் ஒளிந்துகொண்டிருந்தான்.

ஆடியில் ஒருநாள் வேலை விட்டு அம்பத்தூருக்குத் திரும்பும்போது சைக்கிள் சறுக்கி, சாலையோரம் கிடந்த தகரத்தின்மேல் விழுந்தான். வலது கட்டைவிரலின் அடியில் ஆழமான வெட்டு. காய்ச்சல் என்று பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்து, தையலைப் பிரித்துக்கொண்டுதான் வேலைக்குப் போனான். காயம் ஆறிவிட்டது. விரல்தான் மடங்கவில்லை. உள்ளே நரம்பு அறுந்திருக்கிறது, ஒரு வருஷம் பார்க்கலாம் என்றார் டாக்டர்.

சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று நமக்குத் தோன்றும். சொன்னால் என்ன ஆகும் என்பது அவனுக்கல்லவா தெரியும்! இருபது வருஷம் கேபிள் பார்த்த ஜம்புலிங்கத்துக்குப் பார்வை மங்கிவிட்டது என்று டாக்டர் எழுதியதும், அவரை ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். மனுஷன் இப்போது கம்பிவலைக்குப் பின்னால் உட்கார்ந்து டோக்கன் வாங்கிக்கொண்டு சோப்புக்கட்டி எடுத்துக் கொடுக்கிறார். அந்தக் கம்பிவலையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் கலியமூர்த்தி வலது கையைப் பையில் விட்டுக்கொண்டான். மண்ணுக்கடியில் ஓடும் தடித்த கேபிளின் உறையைச் சுற்றிக் கீறி, உள்ளே சுற்றியிருக்கும் காகிதத்தைப் பதம் பார்த்து உரித்து, செம்புக் கம்பியில் ஒரு கோடுகூட விழாமல் வெளியே கொண்டுவருவது அவன் வேலை. அதை அவனைவிடச் சுத்தமாகச் செய்ய அங்கே ஆளில்லை. அந்தப் பெருமையை விட்டால் தனக்கென்று வேறு எதுவும் இல்லை என்றே அவன் நினைத்தான்.

இத்தனைக்கும் கீறுவதில் அவனுக்குக் கஷ்டமில்லை. பிடிக்க நாலு விரல் போதும். மடித்த கத்தியைத் திறப்பதில்தான் வந்தது வினை. அவனுடைய கத்தி எருமைக்கொம்புப் பிடி போட்டது. வேலை நிரந்தரமான வருஷம் வாங்கியது. முதுகில் இருக்கும் வில் அவ்வளவு இறுக்கம். அலகில் இருக்கும் பள்ளத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்து நெம்பினால் 'டக்' என்று வந்து நிற்கும். அந்தச் சத்தம் கேட்டால் டீ குடிக்கப் போனவர்களும் கலியண்ணன் ஆரம்பித்துவிட்டார் என்று திரும்பி வருவார்கள். இப்போது இடது கை நகத்தால் நெம்பிப் பார்த்தான். வலது கையில் பிடி நிற்காமல் வழுக்கி, உள்ளங்கையைக் கீறியதுதான் மிச்சம்.

அதனால் தினமும் காலையில் வீட்டிலேயே குறடு வைத்துத் திறந்து, செய்தித்தாளில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு போனான். மனைவி வனஜா மூன்று வாரம் பார்த்தாள். நாலாவது வாரம் கேட்டுவிட்டாள்.

"கத்திய தொறந்துகினே போறியே, யாரனா குத்தப் போறியா?"

"போற நேரத்துல வாய வெக்காத."

"வெக்கல. ஜெயில்ல வந்து பாக்க எனுக்கு முடியாது, அத்த மட்டும் சொல்லிக்கிறேன்."

அவள் வாய் வைத்த வேளையோ என்னவோ, அன்றைக்கே காகிதமும் பையும் கிழிந்து, சைக்கிள் மிதிக்கும்போது கத்தி தொடையில் ஏறியது. நல்லவேளை, மேலோடு போயிற்று. அது போதாதென்று சனிக்கிழமை சார்ஜ்மேன் ஜேம்ஸ் வேறு கூப்பிட்டார். பிரிவுக்கு அவர்தான் பொறுப்பு. வேலூர்க்காரர், சிரிப்பு என்பது மருந்துக்கும் கிடையாது.

"கலியமூர்த்தி, உன் கத்தி இப்பல்லாம் சத்தமே போடறதில்லையே, ஏன்?"

"எண்ண போட்டேன் சார்."

"ம். திங்கக்கிழம பம்ப் ஹவுஸ் கேபிள் ஜாயிண்ட். நான் பக்கத்துலயே நிப்பேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவனுக்குப் பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்து சாப்பிடுகிறேன் என்றால் எப்படி இருக்கும்? ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கலியமூர்த்தி பூந்தமல்லிக்குப் பஸ் ஏறினான்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஹாஜா மொய்தீனின் இரும்புக்கடை. பதினாறு வருஷத்துக்கு முன்னால் கொம்புக் கத்தியை வாங்கியதும் அங்கேதான். பாய் சரக்கு எடுக்க பாரிமுனை போயிருந்தார். கல்லாவில் அவர் மனைவி ஜரினா இருந்தாள். கலியமூர்த்திக்கு நிம்மதி. பொம்பளை, கத்தியைப் பற்றி என்ன தெரியப்போகிறது என்று நினைத்தான். நினைப்புதான் பிழைப்பைக் கெடுக்கிறது.

"மடக்குக் கத்தி காட்டும்மா. தெனம் ஜோபில வெச்சிக்கிற மாதிரி."

அவள் தட்டை எடுத்துக் கண்ணாடிமேல் வைத்தாள். முதலில் எலும்புப் பிடி போட்ட பேனாக்கத்தி. அழகாகத்தான் இருந்தது, ஆனால் நகப்பள்ளம் அரிசி அளவு. வேண்டாம் என்றான். அடுத்தது மரப்பிடி, கழுத்தில் ஒரு வளையம். வளையத்தைத் திருகினால் அலகு பூட்டிக்கொள்ளும். திருக இரண்டு விரல் வேண்டும், அதில் ஒன்று கட்டைவிரல். அதையும் தள்ளினான். மூன்றாவது ராம்பூர் கத்தி. பித்தளைப் பொத்தானை அழுத்தினால் தானே பாய்ந்து விரியும்.

"இத்த எட்த்துகினு போனா கேட்ல வாட்ச்மேன் என்னிய உள்ள வுட மாட்டான். போலீஸ்தான் உள்ள வெக்கும்."

"அப்ப இது பாருங்கண்ணே, பர்மா பஜார் சரக்கு. கத்திரிக்கோல் கீது, பல்லுகுத்தி கீது, மூடி தொறக்கறது கீது."

"நான் கேபிள் வெட்டணும்மா. பல்லு குத்திகினு ஒக்காரவா?"

ஜரினா தட்டை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அண்ணே, தப்பா நெனைக்காத. கத்தி வாங்க வர்றவங்க மொதல்ல கட்டவெரல வெச்சிக் கூர் பாப்பாங்க. நீ நாலு கத்தி பாத்துட்ட, ஒண்ணுல கூட வெரல வெக்கல. அந்தக் கைய கண்ணாடிக்கு அந்தாண்டயே வெச்சிகினு கீற. இன்னா ஆச்சி கைக்கு?"

கலியமூர்த்திக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. திரும்பிப் போய்விடலாமா என்று பார்த்தான். போனால் திங்கட்கிழமைக்கு என்ன செய்வது? மென்று முழுங்கினான். பிறகு, ஊரில் ஒருத்தரிடமும் சொல்லாததை, வனஜாவிடம்கூடப் பாதிதான் சொல்லியிருந்ததை, அந்தக் கல்லாவின் முன்னால் நின்று முழுசாகச் சொல்லி முடித்தான். சொன்னதும் நெஞ்சு லேசானது. அதுவும் அவனுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

ஜரினா உச்சுக் கொட்டவில்லை. கல்லாப்பெட்டிக்கு அடியில் கைவிட்டு ஒரு கத்தியை எடுத்தாள். மூட்டைச் சணல் அறுக்க அவள் வைத்திருந்தது. பித்தளைப் பிடி தேய்ந்து மஞ்சளாக மின்னியது. வில் கிடையாது, பள்ளம் கிடையாது. நாவிதரின் சவரக்கத்திக்கு இருப்பதுபோல அலகின் அடியில் ஒரு சின்ன வால் நீட்டிக்கொண்டிருந்தது. அந்த வாலை மேஜை விளிம்பில் வைத்து அழுத்தினாள். அலகு விரிந்தது. ஒரே கைதான். கட்டைவிரல் பிடியின்மேல் சும்மா கிடந்தது.

"எனுக்கு நாலு புள்ளைங்க. எப்பவும் இடுப்புல ஒண்ணு இருக்கும். கடைல வேல பாக்க ஒரு கைதான் மிச்சம். அதுக்குன்னு எங்க ஊட்டுக்காரரு கொல்லன்கிட்ட சொல்லி அடிச்சிக் குட்த்தாரு."

"இந்த மாரி ஒண்ணு குடேன்."

"இந்த மாரி ஒண்ணுதான் கீது. விக்கிறதுக்கு இல்ல."

 கலியமூர்த்தி இடுப்பிலிருந்து கொம்புக் கத்தியை எடுத்துக் கண்ணாடிமேல் வைத்தான். ஜரினா அதை எடுத்து நகத்தால் நெம்பினாள். 'டக்'. தெருவில் போன ஆள் ஒருத்தன் திரும்பிப் பார்த்தான்.

"அடேயப்பா! இது எங்க கட சரக்காச்சே. இன்னமும் துரு ஏறல."

"பதினாறு வருஷம் என் இடுப்புலயே கெடந்துச்சி. மாத்திக்கிறியாம்மா?"

அவள் கொம்புக் கத்தியை மடித்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

"கடைசிப் பையன் அஞ்சாவது படிக்கிறான். இப்ப இடுப்புல யாரும் இல்ல. ரெண்டு கையும் சும்மாத்தான் கீது" என்றாள். பித்தளைக் கத்தியை மடித்து அவன் பக்கம் தள்ளி வைத்தாள். "எட்த்துக்கோண்ணே. கைல குடுக்க மாட்டேன், எங்க ஊட்லயும் அந்தப் பழக்கம் உண்டு."

அவன் அதைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பஸ்ஸில் உட்கார்ந்ததும் எடுத்து முழங்கால்மேல் வைத்து அழுத்தினான். விரிந்தது. மடித்தான். மறுபடி அழுத்தினான். குமணன்சாவடி தாண்டுவதற்குள் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடம் பார்த்துப் போய்விட்டார்.

திங்கட்கிழமை பம்ப் ஹவுஸ் பக்கத்தில் பள்ளம் தோண்டி, செங்கல் அடுக்கி, கேபிளை அதன்மேல் தூக்கி வைத்திருந்தார்கள். கலியமூர்த்தி உள்ளே இறங்கினான். எதிரில் அவனோடு வேலை பார்க்கும் சுலைமான். மேலே ஜேம்ஸ், கையைக் கட்டிக்கொண்டு.

கலியமூர்த்தி கத்தியை எடுத்து, வாலை முழங்காலில் வைத்து அழுத்தினான். வெண்ணெயில் இறங்குவதுபோல உறையில் அலகு இறங்கியது. சுற்றிக் கீறி, உரித்து, காகிதத்தைத் தொட்டபோது அவனுக்கு உடம்பெல்லாம் சந்தோஷம். ஒரு மாதமாகத் திறந்த கத்தியோடு திருடன் மாதிரி அலைந்தவன் அல்லவா! ஸ்டோராவது, கம்பிவலையாவது, எல்லாம் மறந்துபோயிற்று.

"புதுசா? குடு, பாக்கலாம்" என்று ஜேம்ஸ் குனிந்து கையை நீட்டினார்.

கலியமூர்த்தி விரித்த கத்தியை அப்படியே நீட்டிவிட்டான். கைக்குக் கை.

"அண்ணே! கைல குட்த்துட்ட!" என்று அலறினான் சுலைமான்.

அப்போதுதான் கலியமூர்த்தி தன் கையைப் பார்த்தான். ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் கத்தியை இடுக்கியிருந்தான். கட்டைவிரல் குச்சிபோலத் தனியாக விறைத்து நின்றது. ஜேம்ஸும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கத்தியை வாங்கிக்கொண்டார்.

"எத்தினி நாளா?"

"ஆடிலருந்து சார்."

ஜேம்ஸ் பள்ளத்துக்குள் இறங்கினார். உரித்த கம்பியை வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை.  கம்பிவலையும் சோப்புக்கட்டியும் கலியமூர்த்தியின் கண்முன்னால் வந்து நின்றன.

"ஆடிலருந்து நீ போட்ட ஜாயிண்ட் அஞ்சு. அஞ்சும் நான் பாத்ததுதான். எதுலயும் குத்தம் இல்ல" என்றார் ஜேம்ஸ். "ஆனா கம்பிங்கள சேத்து இறுக்கி அழுத்துற வேல இனிமே இந்தக் கையால ஆவாது. அத்த சுலைமான் செய்யட்டும். கீறுறது நீ. மெடிக்கல்ல டாக்டர் கேட்டா மறைக்காத. நானும் உன் வேலைய பத்தி உள்ளத சொல்றேன்."

கலியமூர்த்தி தலையை ஆட்டினான். 

ஜேம்ஸ் இந்த உப்பு மிளகாய் சாஸ்திரத்தையெல்லாம் நம்பாதவர். பதினோரு வருஷமாக, தரையில் வைத்த கத்தியை எடுக்கும்போதெல்லாம் முணுமுணுப்பார். அன்றைக்கு அவர் கத்தியைத் தொடையில் வைத்து மடித்தார். குனிந்து, கலியமூர்த்தியின் முன்னால் இருந்த செங்கல்மேல் வைத்தார்.

"நீயே எடுத்துக்கோ" என்றார். "உன்கூட சண்ட போட எனக்கு நேரமில்ல."

கலியமூர்த்தி வலது கையை எல்லோருக்கும் தெரியும்படி நீட்டி, நாலு விரலால் அதை எடுத்தான்.