பதினெட்டாம் தேதி எக்ஸ்ரே

"கால்ல இருந்து ஆரம்பிக்கணும்மா," என்றார் சுடுகாட்டு அன்புராஜ்.

பால் தெளித்த சாம்பலை இளமதி விரலால் விலக்கினாள். ஆண்பிள்ளை இல்லாத வீட்டில் பெண் எலும்பு பொறுக்கலாமா என்று எளாவூரில் நேற்று முழுக்கப் பஞ்சாயத்து. "அப்ப நீங்க வந்து பொறுக்குங்க" என்று அவள் கேட்டதும் ஆளாளுக்கு வேலை வந்துவிட்டது. சித்தப்பா சுப்பிரமணி மட்டும் பானையோடு கூட வந்தார்.

வலது தொடை இருந்த இடத்தில் முழ நீளக் கம்பி கிடந்தது.

கும்மிடிப்பூண்டி இரும்பாலையில் கம்பிக் கட்டு சரிந்து அவள் அப்பா துளசிராமனின் தொடையெலும்பு நொறுங்கிப்போனது. சென்னையில் ஆபரேஷன் செய்து இதை உள்ளே வைத்தார்கள். லேபில் வடிவமைத்த ஏதோ புரதத்தை இதன்மேல் பூசியிருந்தார்கள். அது எலும்பை வளரத் தூண்டி, கம்பியோடு சேர்ந்து பிடிக்க வைக்குமாம். புது வைத்தியம், எல்லோருக்கும் கேட்கும் என்று சொல்ல முடியாது, எக்ஸ்ரேயில் தெரியும்வரை காலை ஊன்றவே கூடாது என்றார் டாக்டர்.

"பொண்ணுக்கு நலங்கு வெச்ச மாரி கம்பிக்கு இன்னாவோ பூசி வெச்சிகிறானுங்கோ," என்று சிரித்தார் அப்பா. "எலும்பு வந்து கட்டிக்கினா கல்யாணம்."

ஏழு மாதம். தினமும் காலையில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கெஞ்சுவார்.

"ஒரே ஒரு தபா நின்னு பாக்கறேன் மதி."

"பதினெட்டாந்தேதி எக்ஸ்ரே நைனா. அதுவரிக்கும் சும்மா இரு."

திருட்டுத்தனமாக எழுந்துவிடுவார் என்று வாக்கரை எதிர்வீட்டில் கொடுத்து வைத்திருந்தாள். பதினான்காம் தேதி அதே கட்டிலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். இன்று பதினாறு. எக்ஸ்ரேவுக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.

"இரும்பு பானைக்குள்ள போவக் கூடாது," என்று அன்புராஜ் கம்பியை எடுத்தார். அதைச் சுற்றி ஒட்டியிருந்த எலும்பைத் திருகினார். வரவில்லை. கல்லில் தட்டினார். மற்ற எலும்புகள் கை பட்டாலே உதிர்ந்தன. இது அசையவில்லை.

"இன்னாது, வெல்டு வெச்ச மாரி புட்ச்சிக்கினுகீது!"

இளமதி நிமிர்ந்து பார்த்தாள். "எலும்பு கூடிச்சா சித்தப்பா?"

"உட்றும்மா."

"நைனா நின்னுருப்பாரா?"

சுப்பிரமணி பானையைத் துண்டால் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

அன்புராஜ் சுத்தியலைத் தேடினார்.

"ஒடைக்காதண்ணா. குடு."

கம்பி இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. அவரை ஒரு முறை, ஒரே ஒரு முறை நிற்க விட்டிருக்கலாம். தான் தோள் கொடுத்திருக்கலாம்.

பக்கத்தில் ஈர மணல் இருந்தது. கம்பியை அதில் நேராக ஊன்றினாள். சாய்ந்துவிடாமல் இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கையை எடுத்தாள். பிறகு மற்றதையும் எடுத்தாள்.